உருகும் முன் கூண்டுக்குள் என்ன நடக்கிறது?

மீத்தேன் ஹைட்ரேட்டைப் பற்றி நம் எல்லைப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. பார்க்க ஐஸ்கட்டி, தீக்குச்சி வைத்தால் எரியும். தண்ணீர் மூலக்கூறுகள் கூண்டு கட்டி மீத்தேன் வாயுவை உள்ளே வைத்திருக்கும்.

சார், மீன் பெட்டியில் போடுகிற ஐஸும் இதுவும் ஒன்றுதானே? (ஆரம்பாக்கம்)

இல்லை அண்ணா. இரண்டிலும் தண்ணீர்தான், கட்டுமானம் வேறு. சின்னக் கூண்டுக்கு 20 தண்ணீர் மூலக்கூறு, 12 ஐங்கோண முகம். பெரிய கூண்டுக்கு 24. ஐங்கோணத்தின் மூலை 108 டிகிரி. தண்ணீருக்கு இசைவான கோணமோ 109.5. அதனால் பெரிதாக வளையாமலே கூண்டு அமைந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் மீத்தேன் சுவரோடு பிணைந்திருக்காது, சுழன்றுகொண்டே இருக்கும். ஆனால் அது போய்விட்டால் கூண்டும் நிற்காது.

உருகுவதற்குச் சற்று முன் தண்ணீர் மூலக்கூறு என்ன செய்யும் சார்? (தடா, பன்னிரண்டாம் வகுப்பு)

நல்ல கேள்விம்மா, இதற்குத்தான் காத்திருந்தேன். ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்திலுள்ள நாலு பேரோடு ஹைட்ரஜன் பிணைப்பில் இருக்கிறது. இரண்டு பிணைப்புக்குத் தன் ஹைட்ரஜனைக் கொடுக்கும், இரண்டில் பக்கத்தவரின் ஹைட்ரஜனை வாங்கும். வெப்பம் ஏற ஏற ஆக்ஸிஜன் தன் இடத்திலேயே அதிகமாக அதிரும். அதோடு மூலக்கூறு நின்ற இடத்திலேயே திரும்பவும் செய்யும். சுற்றிலும் கட்டிப்போட்டிருக்க, எப்படித் திரும்பும்? எங்காவது ஒரு பிணைப்பில் ஹைட்ரஜனே இல்லாமலோ, இரண்டு ஹைட்ரஜன் நேருக்கு நேராகவோ ஒரு பிழை இருக்கும். கோலாட்டத்தில் ஒருத்தி கோல் தவறவிட்டால் அந்தத் தடுமாற்றம் அடுத்தவள், அடுத்தவள் என்று போகுமே, அப்படி இந்தப் பிழையும் நகரும். அது கடக்கும்போது மூலக்கூறுகள் திரும்பிக்கொள்ளும். கூண்டின் வடிவம் மட்டும் கலையாது.

கலைவது மேற்பரப்பில் தொடங்கும். காலையில் ஐஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள்: கட்டியின் விளிம்பு முதலில் வியர்த்து வழுக்கும், நடுப்பகுதி கல்லாகவே இருக்கும். விளிம்பில் நிற்கும் மூலக்கூறுக்குப் பிடித்துக்கொள்ள நாலு பேர் இல்லை. அங்கே ஒரு முகம் திறக்க, மீத்தேன் வெளியேற, அடுத்த கூண்டு தளரும்.

எத்தனை டிகிரியில் உருகும்? (சூலூர்பேட்டை)

ஒரே எண் கிடையாது, அழுத்தத்தைப் பொறுத்தது. 0 டிகிரியில் நிலைத்திருக்க வளிமண்டலத்தைப் போல 26 மடங்கு அழுத்தம் வேண்டும். சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 80 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். ஆனால் மைனஸ் 30-இலிருந்து மைனஸ் 2 வரை வியக்கத்தக்க ஒன்று நடக்கும்: உடைந்த கூண்டின் தண்ணீர் பனியாகி மேலே போர்த்திக்கொண்டு வாயுவின் வழியை அடைக்க, சிதைவு மிக மெதுவாகிவிடும்.

நம் ஏரியில் கிடைக்குமா? (பழவேற்காடு)

கிடைக்காது, ஆழம் போதாது. ஆனால் வடக்கே கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் ஆழ்கடலில் 2006-இல் துளையிட்டு எடுத்தார்கள். 2015-இல் மறுபடியும் போனார்கள்.

உருகின தண்ணீர் திரும்பவும் கூண்டு கட்டுமா? (தடா)

கட்டும், முதல் தடவையைவிடச் சீக்கிரமாகவே. பழைய கூண்டின் மிச்சம் தங்கியிருப்பதால் என்பார் சிலர். கரைந்து தங்கிய வாயுவால் என்பார் சிலர். எனக்கு வாயுதான் காரணம் என்று படுகிறது. நன்றாகச் சூடாக்கிவிட்டால் அந்த வேகம் போய்விடும்.