ஹாலியும் தூசியும்

வணக்கம் ஐயா,

எங்கள் வீடு திருவொற்றியூரில். 1986 மார்ச் கடைசியில் அப்பா விடியற்காலையில் கடற்கரைக்குப் போய், ஹாலி வால்நட்சத்திரத்தைக் கருப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்திருக்கிறார். அந்த நெகட்டிவை ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்து 'க்ளீன்' பண்ணித் தந்தார்கள். தூசியோடு பாதி நட்சத்திரங்களும் போய்விட்டன. ஏஐயில் போட்டால் திரும்பக் கிடைக்குமா? நெகட்டிவில் பூஞ்சை வேறு பிடித்திருக்கிறது. கழுவலாமா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கழுவவே கழுவாதீர்கள். படத்தைத் தாங்கும் ஜெலட்டினைப் பூஞ்சை இளக வைத்திருக்கும். தண்ணீர் பட்டால் படமே கரைந்து வரலாம். ரப்பர் ப்ளோயரால் காற்றடித்தால் போதும்.

நெகட்டிவ் கையில் இருக்கும்வரை நட்சத்திரங்கள் எங்கும் போய்விடவில்லை. பல ஸ்கேனர்கள் தூசியைக் கண்டுபிடிக்க அகச்சிவப்பு ஒளியைச் செலுத்துகின்றன. கலர் ஃபிலிமின் சாயங்கள் அதைக் கடக்க விடும், தூசிதான் மறிக்கும். கருப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள், அதுவும் மறிக்கும். அதனால் ஸ்கேனருக்கு நட்சத்திரமும் தூசிதான். அந்த வசதியையும், புள்ளி நீக்கும் ஃபில்டர்களையும் அணைத்துவிட்டு, நுணுக்கங்களை இழக்காத 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாக மறுபடி ஸ்கேன் செய்து தரச் சொல்லுங்கள். அந்தக் கோப்பில் கை வைக்காமல், நகலில் வேலை செய்யுங்கள்.

அப்புறம்தான் பொறுமை வேண்டிய வேலை. நெகட்டிவில் நட்சத்திரம் கறுப்புப் புள்ளி. ஒளியை மறிக்கும் தூசியும் கறுப்பு. பாசிட்டிவாக மாற்றினால் இரண்டும் வெள்ளையாக மின்னும். ஒருமுறை ஸ்கேன் செய்து, ப்ளோயர் அடித்து, இன்னொருமுறை ஸ்கேன் செய்யுங்கள். இடம் மாறியதெல்லாம் தூசி. ஒட்டிப்போனது இதில் சிக்காது. அதற்குப் பூமியின் சுழற்சி கைகொடுக்கும். வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. அப்பா கேமராவை ஸ்டாண்டில் வைத்துச் சில நிமிடம் ஷட்டரைத் திறந்திருந்தால், நட்சத்திரங்கள் ஒரே பக்கம் சாய்ந்த சிறு கோடுகளாக விழுந்திருக்கும். கோடாகாத புள்ளியைச் சந்தேகிக்கலாம்.

ஆனாலும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். அந்த நாட்களில் ஹாலி விடியலுக்கு முன் தெற்கு, தென்கிழக்கு வானில் இருந்தது. உங்கள் கரையிலிருந்து அந்தப் பக்கம் பார்த்தால், துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும். அடிவானத்தை ஒட்டி நகராமல் இருக்கும் புள்ளி கப்பல் விளக்காக இருக்கலாம். அதுவும் அப்பா அன்று பார்த்ததுதானே, இருக்கட்டும்.

ஏஐ வேண்டாம் என்பேன். தாத்தா படத்தில் சட்டைப் பொத்தானை ஊகித்து வரைந்தால் பெரிய நஷ்டமில்லை. வானத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் அதற்கென்று ஓர் இடம் உண்டு. ஊகித்து வைத்த நட்சத்திரம் பொய். சந்தேகம் வந்தால், அன்றைய வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் தேதி, நேரம், ஊர் கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், இலவசம்தான். நெகட்டிவ் உறையில் அப்பா ஏதாவது எழுதியிருந்தால் அதையும் படமெடுத்து வையுங்கள். ஹார்வர்டில் பழைய வானியல் கண்ணாடித் தகடுகளை ஸ்கேன் செய்தபோது, மேலே மையால் எழுதிய குறிப்புகளைப் படமெடுத்த பிறகே துடைத்தார்கள்.

கடற்காற்று ஈரம் ஃபிலிமுக்கு எதிரி. பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, அமிலமில்லாத காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். முகர்ந்து பாருங்கள், வினிகர் வாடை அடித்தால் அசிட்டேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அதை மற்ற நெகட்டிவ்களிலிருந்து பிரித்து வைத்துவிட்டு, இந்த வாரமே ஸ்கேனுக்குக் கொடுங்கள்.