புது பிராடோ 250 பற்றிக் கேட்டவர்களுக்கு

2023 ஆகஸ்டில் டொயோட்டா திரை விலக்கிய லேண்ட் க்ரூசர் 250, பல நாடுகளில் பிராடோ என்ற பழைய பெயரிலேயே விற்பனையாகிறது. 2009-இல் வந்த 150 வரிசைக்குப் பிறகு அடிச்சட்டம் முதல் கூரை வரை முழுக்கப் புதிதாகச் செய்த வண்டி. படங்கள் வந்த நாளிலிருந்து நம் சிங்கப்பூர் கார்ப் பிரியர்களிடையே இதே பேச்சுத்தான். தனி அடிச்சட்டத்தின் மேல் உடலைப் பூட்டிய வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவது என் தொழில் என்பதால் நிறையப் பேர் என்னிடம் கேட்டிருந்தீர்கள். வந்தவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

ஈசூன் தம்பி: அண்ணே, 150 எவ்வளவு வழவழன்னு அழகா இருந்துச்சு! ஏன் இப்படி டப்பா மாதிரி ஆக்கிட்டாங்க?

தம்பி, எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்ததே அந்தச் சதுரம்தான். 150 வரிசை வருடா வருடம் சொகுசுப் பக்கம் சாய்ந்துகொண்டே போனது. 'லேண்ட் க்ரூசரின் தொடக்கத்துக்கே திரும்புகிறோம்' என்று டொயோட்டாவே அறிவித்துத்தான் 250-ஐச் செய்தது. டாஷ்போர்டின் மேல்பரப்பும் ஜன்னலின் கீழ்விளிம்பும் தாழ்வாக, ஒரே நேர்க்கோட்டில் ஓடுகின்றன. மேடுபள்ளத்தில் வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்பது ஓட்டுபவருக்குக் கண்ணாலேயே தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி. ஹெட்லைட்டுகளை ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்ததும் அழகுக்காக இல்லை. கல்லிலோ கட்டையிலோ உரசினால் முதலில் விளக்கு உடையக்கூடாது. பம்பரின் மூலைகள் தனித்தனித் துண்டுகள். மூலை நசுங்கினால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு இன்னொரு முறை படத்தைப் பாருங்கள்.

தெம்பனிஸிலிருந்து ஒருவர்: வட்ட விளக்கா, நீள்சதுர விளக்கா? வீட்டில் சண்டையே நடக்கிறது.

வட்டம். அமெரிக்காவில் '1958' என்ற ரகத்துக்கும் முதல் பதிப்புக்கும் வட்ட விளக்குதான் கொடுத்தார்கள். 1958 என்பது லேண்ட் க்ரூசர் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆண்டு. வண்டி எந்த விளக்கோடு வருகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. வெளிக்கடையில் கிடைக்கும் விளக்கை மாட்டிவிட்டு, பரிசோதனை நிலையத்தில் போய் நிற்க வேண்டாம்.

செங்காங் அம்மா ஒருவர்: அண்ணா, இரண்டு பிள்ளைகள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு, பலமாடிக் கார்பேட்டை. இந்த வண்டி எங்களுக்குச் சரிவருமா?

தங்கச்சி, வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். நீங்கள் கேட்டதில் எனக்கு நிறைய மகிழ்ச்சி. வண்டியின் முகத்தைப் பற்றிப் பேசுகிற யாரும் அளவைப் பற்றிப் பேசுவதில்லை.

இங்கே வழக்கமான ஒரு கார் இடத்தின் அளவு 4.8 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். பழைய 150-இன் நீளம் 4.825 மீட்டர், அகலம் 1.885 மீட்டர். புது 250 நீளத்தில் 4.925, அகலத்தில் 1.98. அதாவது 10 சென்டிமீட்டர் நீண்டு, 9.5 சென்டிமீட்டர் அகன்றிருக்கிறது. கோட்டுக்குள் நிறுத்தினாலும் வண்டி 12.5 சென்டிமீட்டர் வெளியே நிற்கும். சரியாக நடுவில் நிறுத்தினால் இரு பக்கமும் கோடு வரை தலா 21 சென்டிமீட்டர், அதுவும் கண்ணாடிகளைக் கணக்கில் சேர்க்காமல். பக்கத்து வண்டியும் பெரிதாக இருந்தால் குழந்தை இருக்கையிலிருந்து பிள்ளையைத் தூக்கி இறக்கக் கதவு திறக்காது. திரும்பும் வட்டத்தின் ஆரமும் 5.8 மீட்டரிலிருந்து 6.0 மீட்டராகியிருக்கிறது, கார்பேட்டையின் வளைவேற்றத்தில் அந்த 20 சென்டிமீட்டர் தெரியும். உயரம் ஏறத்தாழ 1.93 மீட்டர். கூரையில் சாமான் தட்டு வைக்கும் எண்ணம் இருந்தால் கார்பேட்டை வாசலில் தொங்கும் உயரப் பலகையை முதலில் படித்துவிடுங்கள்.

பள்ளி, கடைத்தொகுதி, விரைவுச்சாலை, இவைதான் உங்கள் ஓட்டம் என்றால் நான் 250-ஐப் பரிந்துரைக்க மாட்டேன். டொயோட்டா 2025 மே மாதம் காட்டிய புது ராவ்4-ஐப் பாருங்கள். அதன் நீளம் 4.6 மீட்டர், அகலம் 1.855, கோட்டுக்குள் அடங்கும். அந்தத் தலைமுறையில் ஹைபிரிட்டும் பிளக்-இன் ஹைபிரிட்டும் மட்டும்தான். நகரத்து ஓட்டத்துக்கு அது பெரிய நன்மை.

தேக்காவிலிருந்து பெரியவர் ஒருவர்: தம்பி, லேண்ட் க்ரூசர் என்றாலே டீசல்தான். ஜப்பானில் விற்கும் 2.8 டீசலை வரவழைக்க முடியுமா?

முடியாது ஐயா. 2025 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் டீசல் கார்களையும் டீசல் டாக்சிகளையும் புதிதாகப் பதிவு செய்வதில்லை. பாரலல் இறக்குமதியாளர் (அதிகாரப்பூர்வ முகவர் அல்லாமல் தனியாக வண்டி வரவழைத்து விற்பவர்) யாராவது வழி இருக்கிறது என்று சொன்னால் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. அந்த 2.8 எஞ்சின் 204 குதிரைத்திறனும் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது, ஜப்பானியச் சோதனை அளவில் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் ஓடுகிறது. இந்த வண்டிக்காகவே பிறந்த எஞ்சின் அது. டீசலை நிறுத்தியது நம் ஊர்க் காற்றுக்காக எடுத்த முடிவு என்று நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் டீசல் இல்லாத பிராடோ எனக்கு முழு பிராடோ ஆகாது.

புக்கிட் பாத்தோக்: அப்படியானால் 2.7 பெட்ரோல் போதுமா?

எதற்குப் போதும் என்பதைப் பொறுத்தது. 163 குதிரைத்திறன், 246 நியூட்டன் மீட்டர், 6 கியர். வண்டியோ இரண்டு டன்னுக்கு மேல். தீவு விரைவுச்சாலையில் நுழையும்போது நன்றாக மிதிக்க வேண்டியிருக்கும். மிதித்தால் சத்தம் வரும், வேகம் நிதானமாக வரும். காட்டுப்பாதையில் லோ கியரில் இந்தக் குறை தெரியாது. எஞ்சின் பழைய வடிவமைப்பு, டர்போ கிடையாது. கெட்டுப்போகும் பாகங்கள் குறைவு என்பதால் பத்து ஆண்டு வைத்திருக்க நினைப்பவருக்கு நான் தயங்காமல் சொல்வேன். எரிபொருள்தான் வலிக்கும். ஜப்பானியச் சோதனையிலேயே லிட்டருக்கு 7.5 கிலோமீட்டர்தான். நம் ஊர் சிவப்பு விளக்குகளில் அதைவிடக் குறையும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பலர் கேட்டது: மொத்தச் செலவு எவ்வளவு வரும்?

சந்தை மதிப்பு இறக்குமதியின்போது சுங்கத்துறை முடிவு செய்வது. கணக்குப் புரிவதற்காக 50,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் பதிவுக் கட்டணம் அடுக்கடுக்காக ஏறும். முதல் 20,000-க்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000-க்கு 140, மீதி 10,000-க்கு 190. ஆக 20,000, 28,000, 19,000. மொத்தம் 67,000 வெள்ளி. சுங்கவரி 20 விழுக்காடு, அது 10,000. சந்தை மதிப்பையும் சுங்கவரியையும் கூட்டிய 60,000-க்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி, அது 5,400. சிஓஇ, அதாவது பத்தாண்டு கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ், அதைச் சேர்ப்பதற்கு முன்பே 1,32,400 வெள்ளி ஆகிவிட்டது. 2,694 சிசி என்பதால் சிஓஇ 'பி' பிரிவில்தான் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் அந்தப் பிரிவு 1,50,001 வெள்ளி வரை போனதை மறந்திருக்க மாட்டீர்கள். இதற்கு மேல் புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான கூடுதல் கட்டணம் உண்டு, அது பல்லாயிரம் வெள்ளி. விற்பவரின் லாபம் தனி. சாலை வரி ஆண்டுக்கு ஏறக்குறைய 2,026 வெள்ளி. விலைப்பட்டியலில் சிஓஇ உத்தரவாதத்தோடா, ஏலத்தைப் பொறுத்தா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பொங்கோல் தம்பி: அமெரிக்க ஹைபிரிட் 326 குதிரைத்திறனாமே! அதைக் கொண்டுவரலாமா?

அந்த வண்டிக்கு ஸ்டீயரிங் இடது பக்கம், இங்கே அதற்குப் பதிவு கிடைக்காது. அதில் ஐந்து இருக்கைதான், பேட்டரியால் பின்பக்கத் தளமும் உயர்ந்துவிடுகிறது. விட்டுவிடுங்கள்.

உட்லண்ட்ஸ்: நாங்கள் நாலைந்து வண்டியாக மலேசியக் காட்டுக்குப் போவோம். அங்கே இந்த மறுவடிவமைப்பு உண்மையில் உதவுமா?

உதவும், நன்றாகவே உதவும். உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இதைச் செய்திருக்கிறார்கள். அடிச்சட்டத்தின் விறைப்பு பழையதைவிட 50 விழுக்காடு கூடியிருக்கிறது, வண்டி முழுவதுமாகப் பார்த்தால் 30 விழுக்காடு. முன்பக்க ஸ்டேபிலைசர் கம்பியை ஒரு பொத்தானை அழுத்திப் பிரித்துவிடும் வசதி சில ரகங்களில் உண்டு. அந்தக் கம்பிதான் தார்ச்சாலை வளைவில் வண்டி சாயாமல் பிடித்து வைக்கிறது. அதே கம்பி, கரடுமுரடான பாதையில் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கவிடாமலும் தடுக்கிறது. பிரித்ததும் சக்கரம் தாராளமாகத் தொங்கித் தரையைத் தேடிப் பிடிக்கும். ஸ்டீயரிங்கும் இப்போது மின்சார உதவியுடையது. கல்லில் சக்கரம் மோதும்போது பழைய வண்டியில் கை வரைக்கும் வருகிற அந்த வெட்டு வெகுவாகக் குறைந்துவிட்டது. கஹாங்கிலிருந்து எண்டாவ் ரொம்பின் காட்டு வாசலான கம்போங் பேத்தா வரை போகும் செம்மண் பாதையில் மழைக்குப் பிறகு ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

போகும் முன்: டாங்கி முக்கால் அளவாவது நிரம்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் சோதனைச்சாவடியிலேயே திருப்பி அனுப்புவார்கள். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி இல்லாத வண்டிகளுக்கு 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதம். அங்கே மானிய ரான்95 பெட்ரோல் நமக்கு இல்லை, ரான்97 போடுங்கள்.

அங் மோ கியோ: என் 150-க்குப் பத்து வயது ஆகப்போகிறது. சிஓஇ புதுப்பிக்கவா, 250-க்கு மாறவா?

வண்டியைத் தூக்கி அடிச்சட்டத்தைப் பார்த்த பிறகுதான் இதற்குப் பதில். கடற்கரை, காட்டுச் சேறு என்று ஓடிய வண்டியில் பின்பக்கக் குறுக்குச் சட்டமும் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களும் துருப்பிடித்திருக்கும். சுத்தியலால் தட்டினால் 'ணங்' என்று கேட்க வேண்டும். சட்டம் நலமாக இருந்தால் புதுப்பியுங்கள் என்பேன். கட்ட வேண்டியது முந்தைய மூன்று மாதச் சராசரி சிஓஇ விலை. ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தால் அதற்குப் பிறகு நீட்டிக்க முடியாது. பத்தாண்டு தாண்டியதும் சாலை வரிக்கு மேல் ஆண்டுக்கு 10 விழுக்காடாக ஏறி 50 விழுக்காடு வரை கூடுதல் கட்டணம், வருடம்தோறும் பரிசோதனை. அப்படியும் புது 250-இன் மொத்த விலையோடு ஒப்பிட்டால் குறைவுதான். உங்கள் கார்பேட்டையில் 150 நிற்கிறது என்பதால் 250-ம் நிற்கும் என்று எண்ணிவிடாதீர்கள், அந்த 9.5 சென்டிமீட்டரை டேப் வைத்து அளந்து பாருங்கள்.

ஜூரோங் வெஸ்ட்: தீபாவளிக்கு ஈப்போ போக ஏழு பேர். மூன்றாவது வரிசை பெரியவர்களுக்குத் தாங்குமா?

பிள்ளைகளுக்குச் சரி. அடிச்சட்டம் வைத்த வண்டியில் தளம் உயரம் என்பதால் பெரியவர்களுக்கு முழங்கால் மேலே தூக்கி நிற்கும், துவாஸ் பாலத்திலிருந்து ஈப்போ வரை அப்படி உட்கார முடியாது. மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் பெட்டிகளுக்கு இடமும் சுருங்கிவிடும். வீட்டில் பாட்டி இருந்தால் நடு வரிசை அவருக்கு, பக்கவாட்டுப் படி கட்டாயம் வேண்டும். ஷோரூமுக்கு அவரையும் கூட்டிப்போய் ஏறச் சொல்லுங்கள், இறங்கவும் சொல்லுங்கள். இறங்குவதுதான் கஷ்டம்.