ஜப்பானிய கிராமத்து வீட்டின் நடுத்தூண்: கேள்வி பதில்

கேள்வி: டைகோகுபாஷிரா என்கிறார்களே, அது வீட்டில் எங்கே நிற்கும்?

மின்கா எனப்படும் பழைய குடியானவர், வணிகர் வீடுகளில் ஒரு பாதி மண்தரை. அடுப்பும் வேலையும் அங்கே. மறுபாதி உயர்த்திய பலகைத் தரை. இரண்டும் சந்திக்கும் விளிம்பில், வீட்டின் நடுவாக்கில் நிற்பதுதான் இந்தத் தூண். சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்குகிறவரையும் ஜப்பானியர் இன்றுவரை இதே பெயரால் சொல்கிறார்கள்.

கேள்வி: ஐயா, நான் தச்சு வேலை செய்கிறேன். மற்ற தூண்களைவிட இது இரண்டு மடங்கு பருமனாக இருக்கிறதே, அழகுக்கா?

உங்களுக்குச் சொன்னால் உடனே பிடிபடும். கதவு நிலை உயரத்தில் நாலு பக்கமிருந்தும் கனத்த விட்டங்கள் வந்து இதில் சொருகும். அத்தனை துளையும் போட்ட பிறகு மிஞ்சுகிற மரம்தானே பாரம் சுமக்க வேண்டும்? அதனால்தான் பக்கத்துக்கு 30 செ.மீ. வரை வைத்தார்கள். கெயாகி என்ற உறுதியான ஜப்பானிய மரம் கிடைத்தால் விடமாட்டார்கள். வீட்டுக்காரரின் பெருமையும் இதில் உண்டு; மிகப் பழைய வீடுகளில் இப்படித் தனித்துத் தெரியும் தூண் கிடையாது.

அடியையும் கவனியுங்கள். மண்ணில் புதைக்காமல் கல்லின் மேல் நிறுத்துவார்கள். கல்லைச் செதுக்குவதில்லை. அதன் மேடுபள்ளத்தை அப்படியே மரத்தில் வரைந்துகொண்டு, தூணின் அடியை அதற்கேற்பச் செதுக்கி உட்காரவைப்பார்கள். எனக்கு இந்த வேலையைவிடப் பெரிய மரியாதை வேறு தெரியவில்லை.

கேள்வி: தூணின் பெயரில் வரும் டைகோகு என்ற தெய்வம் நம் மகாகாளர்தான் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பெயரின் பொருளே ‘பெரிய கருப்பு’. ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி இத்சிங், இங்குள்ள பௌத்த மடங்களின் சமையலறைத் தூணருகே மகாகாளரின் மரச்சிலை இருந்ததையும், எண்ணெய் தடவித் தடவி அது கருத்துப்போனதையும் எழுதிவைத்திருக்கிறார். ஜப்பானுக்கும் மகாகாளர் மடத்துச் சமையலறைக் காவலராகவே போனார். அங்கே ஒகுனினுஷி என்ற உள்ளூர்த் தெய்வத்தோடு கலந்து, நெல் மூட்டைமேல் சிரித்தபடி நிற்கும் செல்வத் தெய்வமானார். உக்கிரமெல்லாம் போய்விட்டது, அடுப்பங்கரையை மட்டும் அவர் விடவில்லை.

கேள்வி: தூணைத் தலைகீழாக நட்டால் ஆகாதாமே அண்ணா?

ஆமாம். மரம் வளர்ந்தபடி அடி கீழே, நுனி மேலே இருக்க வேண்டும். மாற்றி நட்டால் இரவில் வீடு முனகும், குடும்பத்துக்குக் கேடு என்பது நம்பிக்கை. ஆனால் நிக்கோ ஊரிலுள்ள தோஷோகு கோயிலின் யோமெய்மோன் வாசலில் 12 தூண்களில் ஒன்றின் செதுக்கல் மட்டும் வேண்டுமென்றே தலைகீழாக இருக்கிறது. முழுமையடைந்தது தேயத் தொடங்கும் என்பதால் விட்ட குறை அது. நாம் திருஷ்டிப் பொட்டு வைப்பதுபோல.

கேள்வி: தூணுக்குத் தினமும் பூஜை உண்டா என்று அக்கா கேட்கச் சொன்னார்.

புத்தாண்டில் சில ஊர்களில் வைக்கோல் புரி கட்டுவார்கள். மற்ற நாட்களில் துடைப்பதுதான். அரிசித் தவிட்டைத் துணியில் முடிந்து தேய்ப்பார்கள். தவிட்டெண்ணெய் மரத்தில் இறங்கும். மேலே அடுப்புப் புகை படியும். காவாசாக்கியில் 1967இல் திறந்த பழைய வீடுகளின் திறந்தவெளிக் காட்சியகத்தில், தன்னார்வலர்கள் இன்றும் கணப்பு மூட்டிப் புகை போடுகிறார்கள். அங்கே போனால் தூணைப் பக்கத்தில் நின்று பாருங்கள்: கைக்கு எட்டும் உயரம்வரை கண்ணாடிபோல மினுக்கம், அதற்கு மேலே வெறும் கரி.