சென்ஹைசர் எச்டி 650 வாங்கியிருக்கிறேன். வீட்டில் கேட்க எந்த ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இவ்வளவுதான்: ஹெட்போனின் மின்தடை 300 ஓம். லேப்டாப்பில் ஆப்பிள் டாங்கிள் (ஹெட்போன் துளை தருகிற சின்ன யூஎஸ்பி அடாப்டர்) செருகிக் கேட்கிறீர்கள். "300 ஓம் ஹெட்போனை ஆம்ப் இல்லாமல் கேட்பது வீண்" என்று கடையில் சொன்னதால், ஹெட்போன் விலைக்கே ஓர் ஆம்ப் வாங்கலாமா என்று யோசிக்கிறீர்கள்.

அவசரப்படாதீர்கள். இதே ஹெட்போனை ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். அதற்காக நாலு ஆம்ப் வாங்கி இரண்டை விற்றிருக்கிறேன். விற்றதில் போன பணத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஓம் என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படுவதில்தான் எல்லாருக்கும் குழப்பம் தொடங்குகிறது. எச்டி 650 பற்றி சென்ஹைசர் தருகிற கணக்கு, 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் சத்தம் என்பது. 300 ஓமில் 1 வோல்ட் என்றால் வெறும் 3.3 மில்லிவாட். வீட்டில் சாவகாசமாகக் கேட்கும்போது சராசரிச் சத்தம் 83 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். அதுவே தாராளம்தான், உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்த 83-க்கு இந்த ஹெட்போன் கேட்பது 0.1 வோல்ட். மில்லிவாட்டில் 0.03. இதற்கா 2 வாட் ஆம்ப் என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் பாட்டு ஒரே சத்தத்தில் ஓடுவதில்லை. மிருதங்கத்தில் ஓங்கி ஒரு தட்டு விழும்போது அந்தக் கணம் சராசரியைவிட 20 டெசிபல் வரை மேலே போகலாம். 20 டெசிபல் என்றால் பத்து மடங்கு வோல்ட்: 0.1 வோல்ட் 1 வோல்ட் ஆகிவிடும். ஆப்பிள் டாங்கிள் முழுச் சத்தத்தில் தருவது சரியாக அந்த 1 வோல்ட்தான். (ஐரோப்பாவில் விற்கும் டாங்கிள் அதில் பாதிதான் தரும், அங்கிருந்து யாராவது வாங்கி வந்தால் கவனம். பல ஆண்ட்ராய்டு போன்களில் செருகினாலும் சத்தம் குறைவாகத்தான் வரும். அது டாங்கிளின் கோளாறு இல்லை, போன் அதன் சத்தத்தை ஏற்றிக் கொடுப்பதில்லை.)

இப்போதைய சினிமாப் பாட்டுகளில் சத்தத்தை அழுத்தி அழுத்தி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அவற்றுக்கு உங்கள் டாங்கிளே போதும், மிச்சமும் இருக்கும். கச்சேரிப் பதிவுகள்தான் வேறு கதை. பழைய நேரடிப் பதிவு ஒன்றில் ஆலாபனை மெல்லத் தொடங்கும். காதில் விழவில்லையே என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவோம், ஒரு கட்டத்தில் 100-ல் முட்டி நிற்கும். "இன்னும் கொஞ்சம் இருந்தால் தேவலாம்" என்று தோன்றும். அந்த "இன்னும் கொஞ்சம்" எவ்வளவு என்றால், உச்சத்தில் 110 டெசிபல் தொட 2.2 வோல்ட். அதாவது 17 மில்லிவாட், 7.5 மில்லிஆம்பியர். அவ்வளவே.

இதோடு ஹைஃபைமேன் எச்இ 400எஸ்இ என்ற ஹெட்போனை ஒப்பிட்டுப் பாருங்கள். அது 25 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 91 டெசிபல். "25 ஓம்தானே, போனிலேயே ஓடும்" என்று வாங்கியவர்கள் நிறையப் பேர். அதே 110 டெசிபலுக்கு அதற்கு வேண்டிய வோல்ட் 1.4 மட்டுமே, எச்டி 650-ஐவிடக் குறைவு. ஆனால் மின்னோட்டம் 56 மில்லிஆம்பியர், ஏழு மடங்குக்கு மேல். ஒன்றுக்குத் தொட்டி உயரமாக இருக்க வேண்டும், இன்னொன்றுக்குக் குழாய் பெரிதாக இருக்க வேண்டும். ஓம் எண்ணை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. ஹைஃபைமேன் பழைய எச்இ-6 என்று ஒன்று செய்தார்கள், 50 ஓம், 83.5 டெசிபல். அதற்கு 110 டெசிபல் வேண்டுமென்றால் அரை வாட் கிட்டத்தட்ட. அதை ஸ்பீக்கர் ஆம்பின் ஸ்பீக்கர் முனையிலேயே மாட்டிக் கேட்டவர்கள் உண்டு. கடைக்காரர் மனதில் இருந்தது அந்த மாதிரி ஹெட்போனாக இருக்கலாம். உங்களுடையது அந்த ஜாதி இல்லை.

சரி, சத்தம் போதும் என்றால் ஆம்ப் எதற்கு? இங்கேதான் நான் பணத்தை விட்ட கதை வருகிறது.

எச்டி 650-க்கு வால்வு ஆம்ப் போட்டால் சொர்க்கம் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருப்பார்கள். எனக்கு வால்வு என்றாலே தாத்தா வீட்டு ரேடியோதான். சுவிட்சைப் போட்டு, உள்ளே மெல்லச் சிவந்து, அரை நிமிடம் கழித்து ஒரு கரகரப்போடு குரல் வரும். அந்த ஆசையில் அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் பழைய வால்வு ஆம்ப் ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்த வேகத்தில் பிளக்கில் செருகினேன். அது 120 வோல்ட்டில் ஓடுவது. நம் ஊரில் 230. "டப்" என்று ஒரு சத்தம், கருகல் வாசம். நல்லவேளை ஃபியூஸோடு போயிற்று. அதற்கப்புறம் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்க வேண்டியிருந்தது. அது ஆம்பைவிடக் கனம். வெளிநாட்டிலிருந்து எது வந்தாலும் முதலில் பின்பக்கத்து எண்ணைப் படியுங்கள்.

அது ஓடத் தொடங்கியதும் உண்மையிலேயே நன்றாக இருந்தது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், அதாவது தாழ்ந்த ஒலி தரும் பக்கம், கனம் கூடியது. குரல் கொஞ்சம் முன்னால் வந்து உட்கார்ந்த மாதிரி. இது மாயமா, மனப்பிரமையா என்று பார்க்க ஒரு வேலை செய்தேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஆம்ப் வெளியீட்டில் 1 வோல்ட் வருகிற அளவுக்குச் சத்தம் வைத்தேன். அப்புறம் அதன் குறுக்கே 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தேன். மீட்டர் 0.73-க்கு இறங்கியது. கணக்குப் போட்டால் ஆம்பின் உள்ளேயே சுமார் 120 ஓம் உட்கார்ந்திருக்கிறது.

இந்த 120 தற்செயலான எண்ணும் இல்லை. 1996-ல் வந்த ஐஇசி 61938 என்ற சர்வதேசத் தரநிலை ஹெட்போன் வெளியீட்டுக்கு 120 ஓம் என்றுதான் சொன்னது. பாட்டில்ஹெட் கிராக் என்ற பிரபலமான வால்வு ஆம்ப் கிட்டும் அந்த அளவில்தான் இருக்கிறது. எச்டி 650 எல்லா ஒலிக்கும் 300 ஓம் காட்டுவதில்லை. 100 ஹெர்ட்ஸை ஒட்டி, அதாவது தாழ்ந்த ஒலிகளில், அது 500 ஓம் வரை ஏறுகிறது. ஆம்புக்குள் 120 ஓம் இருந்தால், ஹெட்போனின் ஓம் ஏறும் இடத்தில் அதற்குக் கூடுதல் பங்கு போய்ச் சேரும். போட்டுப் பார்த்தால் வித்தியாசம் சுமார் 1 டெசிபல். தொப்பி கனமாகக் கேட்டதற்கு ஒரு பெரிய காரணம் இந்த 1 டெசிபல். வால்வு தன் பங்குக்குச் சேர்க்கும் கொஞ்சம் திரிபும் உண்டு, அது காதுக்குப் பிடித்த திரிபு.

இதையே ஒரு 32 ஓம் ஹெட்போனுக்குச் செய்தால் கதை கந்தல். பேஸில் (தாழ்ந்த ஒலிகளில்) அது 80 ஓமுக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 120 ஓம் ஆம்பில் பேஸ் 5 டெசிபலுக்கு மேல் வீங்கிவிடும். கல்யாண மண்டப ஸ்பீக்கர் மாதிரி இருக்கும். வீட்டில் பழைய ஸ்டீரியோ ரிசீவர் இருந்தால் அதன் ஹெட்போன் துளையிலும் இதே சிக்கல் வரலாம். பலவற்றில் ஸ்பீக்கர் வெளியீட்டையே சில நூறு ஓம் ரெசிஸ்டர் வழியாக அங்கே கொண்டுவந்திருப்பார்கள். எச்டி 650 அதையெல்லாம் தாங்கும். அதனால் அப்படி ஒன்று பரணில் கிடந்தால், எதையும் வாங்குவதற்கு முன் இறக்கித் தூசி தட்டி ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஹைஃபைமேன் மாதிரியான, தட்டையான சவ்வு அதிரும் பிளேனார் வகை ஹெட்போன்களுக்கு ஓம் எல்லா ஒலிக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. அவற்றின் குணம் இதனால் பெரிதாக மாறாது, சத்தம்தான் குறையும்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பையனை உட்கார வைத்து ஒரு பரீட்சை. டாங்கிள், ஒரு சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப், வால்வு ஆம்ப், மூன்றும். சத்தத்தைக் காதால் சமன் செய்தால் பிரயோசனமே இல்லை. அரை டெசிபல் கூடியிருப்பது எதுவோ அதுதான் "நல்லா இருக்கு" என்று படும். அதனால் 400 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு, ஹெட்போன் மாட்டியபடியே மூன்றிலும் 100 மில்லிவோல்ட் வரும்படி வைத்தேன். (சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் மலிவு மஞ்சள் மீட்டர் இதற்கு ஆகாது. அதில் ஏசி வோல்ட்டுக்கு 200, 750 என்று இரண்டே இடம்தான். ஏசி மில்லிவோல்ட் காட்டுகிற மீட்டர் வேண்டும்.) மின்விசிறியை அணைத்தோம். எச்டி 650 திறந்த முதுகு ஹெட்போன், வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். விசிறி ஓடினால் அந்த 1 டெசிபல் எல்லாம் விசிறிக்கே போய்விடும்.

நான் கண்ணை மூடிக்கொள்ள, அவன் மாற்றி மாற்றிச் செருகினான். வால்வைப் பெரும்பாலும் பிடித்துவிட்டேன். டாங்கிளையும் டிரான்சிஸ்டர் ஆம்பையும் பிரிக்கவே முடியவில்லை. அப்புறம் அவன் முறை. இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "மாமா, இது ரெண்டும் ஒண்ணுதான், சும்மா ஏமாத்துறீங்க" என்றான். அந்த வாரமே இரண்டு ஆம்ப் விற்பனைக்குப் போயின.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 2011-ல் என்டபிள்யூ-ஏவி-கை என்ற புனைபெயரில் ஒரு பொறியாளர் ஓ2 என்ற ஆம்ப் வடிவமைப்பை இலவசமாக வெளியிட்டார். உள் ஓம் அரைதான். மலிவான பாகங்கள், ஆனால் அளந்து பார்த்தால் பல மடங்கு விலை ஆம்புகளோடு சரிக்குச் சரி நின்றது. அடுத்த ஆண்டே எழுதுவதை நிறுத்திவிட்டார், யார் என்றே வெளியில் தெரியவில்லை. நல்ல ஆம்புக்குக் குணம் என்று ஒன்று இருக்கக்கூடாது என்பது அவர் கட்சி. நானும் பாதி அந்தக் கட்சிதான்.

ஆக உங்களுக்கு: ஒரு மாதம் டாங்கிளிலேயே கேளுங்கள். எத்தனை முறை சத்தம் 100-ல் முட்டுகிறது என்று பாருங்கள். முட்டவே இல்லையா, விட்டுவிடுங்கள். முட்டினால், 300 ஓமில் 3 அல்லது 4 வோல்ட் தருகிற, உள் ஓம் 2-க்குக் கீழே உள்ள சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப் எதுவானாலும் சரி. 4.4 மில்லிமீட்டர் துளை உள்ள டாங்கிள்களிலேயே 4 வோல்ட் தருபவை வந்துவிட்டன. ஆனால் அந்த பேலன்ஸ்டு (இடது, வலது இரண்டுக்கும் தனித்தனி எதிர்முனை உள்ள) துளைக்குத் தகுந்த கேபிள் தனியாக வாங்க வேண்டும். சாதாரண கேபிளை அடாப்டர் போட்டு அதில் மாட்டவே மாட்டாதீர்கள். இடது, வலது இரண்டின் எதிர்முனையும் ஒன்றாகச் சேர்ந்தால் ஆம்ப் போய்விடலாம்.

கெயின் (எத்தனை மடங்கு பெருக்குவது என்ற அளவு) மாற்றும் சுவிட்ச் உள்ளதாகப் பாருங்கள். ஹை கெயினில் வைத்துக்கொண்டு இயர்போன் மாட்டினால் சத்தத் திருகில் ஒரு நூல் திருப்பினாலே காது கிழியும். தவிர, மலிவான திருகுகளில் ஆரம்ப இடத்தில் இடது ஒரு சத்தம், வலது ஒரு சத்தமாக வரும். திருகு பாதி வரையாவது ஏறுகிற மாதிரி கெயின் அமைந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஆம்ப் வந்ததும் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் கேட்டால் உடனே ஆம்பைக் குறை சொல்லாதீர்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் நின்றால் சிக்கல் சார்ஜரிலும் எர்த்திலும்தான். சார்ஜர், ஆம்ப் இரண்டையும் ஒழுங்கான எர்த் உள்ள ஒரே மூணு பின் எக்ஸ்டென்ஷனில் மாட்டினால் பெரும்பாலும் தீரும். எங்கள் பழைய வாடகை வீட்டில் மூன்றாவது துளை சும்மா அழகுக்குத்தான் இருந்தது, எதுவும் தீரவில்லை.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. இந்த ஹெட்போனின் காது மெத்தை நசுங்க நசுங்க ஒலி மாறும். மூன்றாவது வருடம் புது மெத்தை போட்டபோது கேட்ட வித்தியாசத்தை நான் எந்த ஆம்பிலும் கேட்கவில்லை. ஆம்ப் பணத்தில் ஒரு ஜோடி எடுத்து வையுங்கள்.

வால்வு ஆம்பை மட்டும் விற்கவில்லை. அந்த 1 டெசிபல் எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் காரணம். ஆனால் அது ஒரு சின்ன அடுப்பு. சித்திரை பிறந்தால் சென்னை வெயிலில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார முடியாது. பழைய துண்டு ஒன்றைப் போர்த்தி அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுவேன். மார்கழியில்தான் மறுபடி இறக்குவது.