தடைக்காலத்தில் ராமேசுவரம்: நல்ல மீன் சாப்பாட்டுக்கு எங்கே போவது?

கேள்வி: மே கடைசி வாரம் குடும்பத்தோடு ராமேசுவரம் வருகிறோம். எழுபது வயது அம்மா, நாங்கள் இருவர், 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள். சாமி கும்பிட்டுவிட்டு இரண்டு நாள் கடற்கரைப் பக்கம் இருக்க ஆசை. மீன்பிடித் தடைக்காலத்தில் நல்ல மீனே கிடைக்காது என்கிறார்கள். லாட்ஜில் ஒரு ஓட்டலைச் சொல்கிறார்கள், வண்டிக்காரர் வேறொன்றைச் சொல்கிறார். எதை நம்புவது? – மதுரை வாசகர்

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் நம்பிப் போகாதீர்கள். சுற்றுலா ஊரில் ஆள் கூட்டிவருவதற்குக் கம்மிஷன் உண்டு. தலைக்கு இவ்வளவு என்றோ பில்லில் இவ்வளவு என்றோ கொடுப்பார்கள். அந்தப் பணத்தைக் கடைக்காரர் தன் கையிலிருந்து போடுவதில்லை. உங்கள் மீனின் எடையிலோ விலையிலோதான் எடுப்பார். வண்டிக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "நீங்க மத்தியானம் காசு கொடுத்து எங்கண்ணே சாப்பிடுவீங்க?" அவர் சொல்லும் மெஸ்ஸில் ஏசி இருக்காது, சோறும் குழம்பும் சரியாக இருக்கும்.

இனி தடைக்காலம். இதைச் சொல்லியே உங்களைப் பயமுறுத்துவார்கள், ஏமாற்றவும் செய்வார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அது விசைப்படகுகளுக்கு மட்டும்தான். நாட்டுப்படகு, வத்தை, சின்ன ஃபைபர் படகு எல்லாம் வழக்கம்போலக் கடலுக்குப் போகும். அவை கரையை ஒட்டித் தொழில் செய்து சில மணி நேரத்தில் திரும்பிவிடும். பிடிபடுவது குறைவு, ஆனால் ஐஸில் கிடந்த நேரமும் குறைவு. எனவே மே மாதத்தில் இங்கே நல்ல மீன் இல்லை என்பது சரியல்ல. பெரிய மீன் குறையும், விலை ஏறும், அவ்வளவுதான்.

காற்றையும் கணக்கில் வையுங்கள். மே கடைசியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், கொந்தளிப்பாக இருக்கும். வடகடல், பாக் நீரிணைப் பக்கம், அடங்கிக் கிடக்கும். அதனால் அந்த வாரம் உங்கள் இலைக்கு நியாயமாக வரக்கூடியவை வடகடலின் நண்டு, கணவாய், ஓரா, முரல், சின்னப் பாறை போன்றவை. இவற்றைக் கேளுங்கள். "சீலா ஃபிரஷ் சார், காலையில பாம்பன்ல வந்தது" என்று பெரிய பெரிய துண்டுகளைக் காட்டினால் யோசியுங்கள். மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1-இல்தான் தொடங்குகிறது. ஆகவே மே மாதத்தில் அந்தப் பக்கத்து மீன் ஐஸ் போட்டு லாரியில் இங்கே வரும். நன்றாக ஐஸ் போட்ட லாரி மீனைச் சாப்பிடுவதில் ஒரு தவறும் இல்லை. அதைப் பாம்பன் மீன் என்று சொல்லிப் பாம்பன் விலை வாங்குவதுதான் தவறு. எந்தக் கரை மீன் என்று ஒரு பலகையில் எழுதிவைக்க ஒரு சாக்பீஸ் போதும். அதைக்கூடக் கேட்டு வாங்க ஆளில்லை.

இடத்துக்கு வருவோம். கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில் பெரும்பாலும் சைவம்தான், அங்கே தேடி அலைய வேண்டாம். பேருந்து நிலையத்துப் பக்கமும் பாம்பன், மண்டபம் சாலையிலும் பாருங்கள். பாம்பன் ராமேசுவரத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். மீன் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில், மீனவர்களும் லாரிக்காரர்களும் உட்காரும் கடைதான் உங்களுக்கு வேண்டியது. பிள்ளைகள் விளையாட உச்சிப்புளிப் பக்கம் அரியமான் கடற்கரை நல்லது. சவுக்கு நிழல் உண்டு, அலை சாது. சாப்பாட்டை மட்டும் மண்டபத்திலேயே முடித்துக்கொண்டு போங்கள். பகல் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில் உட்கார்ந்துவிட வேண்டும். மூன்று மணிக்கு மேல் போனால், விற்காமல் நின்ற மீன்தான் வறுவலாக வரும்.

தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போய் வாருங்கள், சாயங்காலத்தில் அங்கே தங்க விடமாட்டார்கள். வழியில் கொட்டகைகளில் செக்கச்செவேலென்று மசாலா தடவிய மீனைத் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். அதைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தராதீர்கள். மசாலா தடவிய மீனில் கண்ணும் தெரியாது, செவுளும் தெரியாது, நாற்றமும் அமுங்கிவிடும். வெயிலில் அது எத்தனை மணி நேரமாக இருக்கிறது என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும். எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் பெரியவர்களும் சாப்பிட வேண்டாம்.

எந்தக் கடையானாலும் முதலில் பச்சை மீனைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்துவிடுங்கள். கண் மேலெழும்பித் தெளிவாக இருக்க வேண்டும். செவுளைத் தூக்கினால் சிவப்பு தெரிய வேண்டும், பழுப்பு கூடாது. விரலால் அழுத்தினால் குழி நிற்கக் கூடாது. கணவாய் வெள்ளையாக இருக்கட்டும், இளஞ்சிவப்பு ஏறியிருந்தால் பழசு. இறாலின் தலை கறுத்துத் தொங்கினால் வேண்டாம். நண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் சதை உண்டு. சினை நண்டைத் தவிர்த்துவிடுங்கள், அடுத்த வருட நண்டு அதற்குள்தான் இருக்கிறது.

சூரை, அயிலை இரண்டிலும் கூடுதல் கவனம் வேண்டும். இவை ஐஸ் இல்லாமல் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், தடிப்பு வரும், தலை வலிக்கும். காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் போங்கள்.

சின்னவனுக்கும் அம்மாவுக்கும் கணவாய், இறால், பாறைத் துண்டு கொடுங்கள். முரலும் காரலும் ருசிதான், ஆனால் முள் அதிகம். அவற்றைக் குழம்பில் நீங்கள் சாப்பிடுங்கள். நண்டும் இறாலும் பிள்ளைகள் இதுவரை சாப்பிட்டதில்லை என்றால் ஊர் விட்டு வந்த இடத்தில் முதல் தடவை கொடுக்க வேண்டாம்.

பணம் போவது பெரும்பாலும் எடையில்தான். விலைப்பட்டியலில் எல்லாவற்றுக்கும் விலை போட்டுவிட்டு, மீனுக்கு நேரே மட்டும் 'அளவைப் பொறுத்து' என்று எழுதியிருப்பார்கள். வருகிற குடும்பமெல்லாம் கல்லாவில் நின்று சண்டை போடுகிறது, அந்த எழுத்தை மட்டும் யாரும் மாற்ற வைப்பதில்லை. ஆகவே சமைக்கும் முன்பே மூன்றும் கேளுங்கள்: கிலோ என்ன விலை, எடை சுத்தம் செய்வதற்கு முன்பா பின்பா, சமையல் கூலி அதில் சேர்த்தியா. முழு மீன் ஒரு கிலோ என்றால் தலை, குடல், செதில் போக 600 கிராம் அளவுக்குத்தான் தேறும். இறாலில் ஓடும் தலையும் போக ஏறக்குறைய பாதி. நண்டில் சதை மூன்றில் ஒரு பங்கு. உங்கள் ஐந்து பேருக்கு முழு மீன் ஒரு கிலோ, இறால் அரைக் கிலோ, கணவாய் கால் கிலோ தாராளம். சாப்பாட்டோடு மீன் குழம்பு எப்படியும் வரும். "ரெண்டு கிலோ போட்டாத்தான் காணும்" என்று சொல்லித் தள்ளுவார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். எடை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள், தட்டை வைத்த பிறகு தராசு முள் பூஜ்யத்துக்கு வந்ததா என்று பாருங்கள்.

பில்லை அச்சடித்து வாங்குங்கள். உணவு உரிமத்தின் 14 இலக்க எண் பில்லில் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரியிலிருந்தே கட்டாயம். ஜிஎஸ்டி எண் இல்லாத பில்லில் ஜிஎஸ்டி சேர்த்திருந்தால் அதைக் கழித்துவிட்டுக் கொடுங்கள். சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகப் போட்டிருந்தால் அதுவும் கட்டாயமில்லை, எடுத்துவிடச் சொல்லலாம்.