சாம்பார் முதலில், பார்சல் அப்புறம்

கேள்வி: பெங்களூரு ஜாலஹள்ளிப் பக்கம் ஒரு கல்லூரியில் நெட்வொர்க் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பிரதான வளாகத்துக்கும் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு வளாகத்துக்கும் நடுவே, மொட்டை மாடிக்கு மொட்டை மாடி 5.8 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் இணைப்பு இருக்கிறது. பெட்டி மேல் நொடிக்கு 300 மெகாபிட் என்று போட்டிருக்கிறது. வகுப்புகளை நேரலையாக அங்கே அனுப்புகிறோம், நூலகக் கம்ப்யூட்டர்களும் அதே இணைப்பில்தான். மாலையில் பேக்கப் ஓடத் தொடங்கியதும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. வீடியோவுக்கென்று தனி ஜோடி ரேடியோ (இரண்டு மாடியிலும் வைக்கும் மைக்ரோவேவ் கருவி) வாங்கலாம் என்கிறார் முதல்வர். வாங்கலாமா?

பதில்: முதல்வரைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஃபுல் எச்டி வீடியோ எச்.264 என்ற சுருக்கும் முறையில் வந்தால் நொடிக்கு 5 மெகாபிட் அளவில் முடிந்துவிடும். பெட்டி மேல் எழுதியிருக்கும் 300 என்பது காற்றில் பறக்கும் வேகம், அதுவும் போவதும் வருவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடப்பதால் கையில் கிடைப்பது ஏறக்குறைய பாதிதான், ஆனால் அந்தப் பாதியிலும் வீடியோவுக்கு இடம் தாராளம். ஆகவே இது இடப் பஞ்சம் இல்லை, பரிமாறுகிற முறையில் கோளாறு. பந்தியில் இலையில் மோர் ஊற்றிய பிறகு சாம்பார் வாளி வந்து என்ன பயன்? நேரலை வீடியோ பாக்கெட்டும் (துண்டு துண்டாகப் போகும் டேட்டாவில் ஒரு துண்டு) அப்படித்தான், நேரம் தாண்டி வந்தால் அதைத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. பேக்கப் அப்படியல்ல, அது கட்டிக்கொண்டு போகிற பார்சல், பத்து நிமிடம் தாமதமானாலும் யாரும் கேட்கப் போவதில்லை, வழியில் தொலைந்ததை டிசிபி என்கிற அனுப்பும் நெறிமுறை மறுபடி அனுப்பிவிடும். சிக்கல் என்னவென்றால் அதே டிசிபி இருக்கிற இடத்தையெல்லாம் நிரப்பிப் பார்க்கிற பேர்வழி, ரேடியோவின் பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம்) நிரம்பி வழிகிறவரை தள்ளிக்கொண்டே இருக்கும். உங்கள் வீடியோ அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது.

சரி, கம்ப்யூட்டர்களையும் ரேடியோவையும் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சில் வீடியோவுக்கு முன்னுரிமை கொடுத்தால் போதுமா? பலர் அதோடு நிறுத்திவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று குழம்புவார்கள். சுவிட்சிலிருந்து ரேடியோவுக்குப் போகும் கம்பி ஒரு கிகாபிட், அங்கே நெரிசலே கிடையாது, நெரிசல் இல்லாத இடத்தில் யாருக்கு முன்னுரிமை கொடுத்து என்ன ஆகப்போகிறது? கூட்டம் சேர்வது ரேடியோவுக்குள்ளே. அதனால் முதலில் ஐபெர்ஃப் என்கிற வேகம் அளக்கும் மென்பொருளை வைத்து இணைப்பின் நிஜ வேகத்தை மாலை நேரத்தில் நாலைந்து நாள் அளந்து பாருங்கள். மோசமான நாளில் 120 மெகாபிட் வருகிறது என்றால், சுவிட்சில் ரேடியோ பக்கம் போகும் போர்ட்டை 100-க்கு ஷேப் செய்யுங்கள், அதாவது அதற்கு மேல் வேகமாக அனுப்பாதபடி கட்டுப்படுத்துங்கள். இரண்டு முனையிலும் செய்ய வேண்டும். இப்போது வரிசை உங்கள் சுவிட்சிலேயே உருவாகும், அங்கே யார் முதலில் என்பதை நீங்கள் சொல்லலாம். வீடியோவுக்குத் தனி விலேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்), பாக்கெட்டின் முன்னுரிமையைச் சொல்லும் டிஎஸ்சிபி 34 முத்திரை, அப்புறம் அதற்கும் 20 மெகாபிட் போல ஒரு உச்சவரம்பு. இல்லையென்றால் ஆடியோ விஷுவல் ஆள் ஒருநாள் 4கே என்று திருகிவிடுவார், நூலகம் பட்டினி கிடக்கும். ரேடியோவின் அமைப்புகளிலும் அந்த முத்திரையை அது மதிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது ஜோடி ரேடியோவைப் பற்றி ஒன்று. 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதியை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று ஆனதிலிருந்து உங்கள் சுற்றுவட்டாரத்தில் எல்லார் வீட்டு வைஃபையும் அங்கேதான் குடியிருக்கிறது. ஒரே மாடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டிஷ் வைத்தால் ஒன்றுக்கொன்று இரைச்சலாகவும் வாய்ப்பு உண்டு.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பொறியாளர். எங்கள் காலத்தில் அனலாக் மைக்ரோவேவில் வீடியோவோடு கம்ப்யூட்டர் டேட்டாவையும் அனுப்பினார்களே, அது எப்படி என்று இந்தக் காலத்துப் பேரனுக்கு விளக்க முடியவில்லை. (அல்சூர் வாசகி)

பதில்: பேரனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள் அம்மா. பால் (PAL) என்ற பழைய டிவி முறை வீடியோ 5 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் பிடிக்கும், அதற்கு மேலே மாடி கட்டியதுபோல 6, 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் சப்கேரியர் என்கிற துணை அலையை வைத்து ஒலியையும் டேட்டாவையும் ஏற்றினார்கள். இரண்டு தொல்லை. அந்த இணைப்புகள் பயன்படுத்திய எஃப்எம் முறையில் அலைவரிசை மேலே போகப் போக இரைச்சல் கூடும், சிக்னல் மங்கும்போது படம் கொஞ்சம் பொரி பொரியாக வந்தாலும் பார்க்கலாம், மாடியில் இருக்கும் டேட்டாதான் முதலில் அடி வாங்கும். சரியென்று டேட்டாவின் அளவைக் கூட்டினால் படத்தில் மீன்முள் போலக் கோடுகள் ஓடும். அதைவிடப் பெரியது, வீடியோ ஒருவழிப் பாதை, டேட்டாவுக்குத் திரும்பி வரவும் வழி வேண்டும், அதற்கு எதிர்த்திசையில் இன்னொரு ரேடியோ. அன்றைய ஈதர்நெட்டை (கம்ப்யூட்டர்களைக் கம்பியில் இணைக்கும் முறை) முழுசாக மாடியில் ஏற்றவும் முடியாது. கேபிள் டிவி கம்பியில் 10 மெகாபிட் ஈதர்நெட் ஓட்ட 1985-இல் வந்த 10பிராட்36 தரத்துக்கே ஒரு திசைக்கு 18 மெகாஹெர்ட்ஸ் தேவைப்பட்டது.

கேள்வி: மழை பெய்தால் எங்கள் ஒன்றரை கிலோமீட்டர், 5.8 கிகாஹெர்ட்ஸ் வளாக இணைப்பு மந்தமாகிறது. டிஷ்ஷை மாற்ற வேண்டுமா?

பதில்: 5.8 கிகாஹெர்ட்ஸில் இந்தத் தூரத்துக்கு மழை ஒரு பொருட்டே இல்லை, 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே போனால்தான் கவலை. மாடியேறி நடுவில் தூங்குமூஞ்சி மரம் வளர்ந்திருக்கிறதா பாருங்கள். ஒன்றரை கிலோமீட்டருக்கு நடுப்பகுதியில் நேர்கோட்டைச் சுற்றி இரண்டரை மீட்டருக்கு மேல் காலியாக இருக்க வேண்டும், கண்ணுக்கு டிஷ் தெரிந்தால் மட்டும் போதாது. நனைந்த இலை காய்ந்த இலையைவிட அதிகமாகச் சிக்னலைத் தின்னும். கிளையை நீங்களே வெட்டிவிடாதீர்கள், பெங்களூரில் அதற்கு அனுமதி வேண்டும். கம்பத்தை உயர்த்துவது சுலபம்.