பெஞ்சுக்குப் பின்னால் ஒரு ஆள்

கேள்வி: ஐஸ் ஹாக்கியில் பெரிய ஆட்டக்காரர்கள் ஓய்வு பெற்றதும் கோட், டை மாட்டிக்கொண்டு பயிற்சியாளர் ஆகிவிடுகிறார்கள். பெஞ்சுக்குப் பின்னால் சும்மா நிற்பதற்கு இவ்வளவு சம்பளமா?
- வாசகர், ஈரோடு

பதில்: சும்மாவா? கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண் உங்களுக்கு. அங்கேதான் பயிற்சியாளர் பால்கனியில் கூலிங்கிளாஸோடு சாய்ந்திருக்கலாம்.

வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக் என்ஹெச்எல். அதில் ஒரு ஆட்டத்துக்கு அணியில் கோல்கீப்பர்கள் போக 18 பேர். நாலு வரிசையாக 12 ஃபார்வர்டுகள், மூன்று ஜோடியாக ஆறு டிஃபென்ஸ்காரர்கள். முக்கால் நிமிடம் முழு வேகத்தில் சறுக்கினால் கால் செத்துவிடும். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆளை மாற்ற வேண்டும். அடுத்தது எந்த வரிசை என்று முன்கூட்டியே குரல் கொடுப்பது அந்தச் 'சும்மா' ஆசாமிதான். வெளியே வருபவர் பெஞ்சுக்கு ஐந்தடிக்குள் வருவதற்கு முன் உள்ளே குதித்தவர் ரப்பர் வட்டைத் தொட்டால், ஆள் அதிகம் என்று இரண்டு நிமிடத் தண்டனை; ஒருவர் கூண்டில் உட்கார, அணி ஒரு ஆள் குறைவாக ஆட வேண்டும்.

என்ஹெச்எல் சாம்பியனுக்குத் தருவது ஸ்டான்லி கோப்பை. 1979-ல் அதன் அரையிறுதியின் ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்தில் பாஸ்டன் இப்படித்தான் செத்தது. மான்ட்ரியால் அணிக்கு எதிராக அதன் ஊரிலேயே 4-3 என்று முன்னிலை, மீதி இரண்டரை நிமிடம். பனியில் ஒரு ஆள் கூடுதல். தண்டனை ஓடும்போதே கை லாஃப்ளர் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் இவான் லாம்பெர்ட் கதையை முடித்தார். பாஸ்டனின் பயிற்சியாளர் டான் செர்ரிக்கு அத்தோடு அங்கே வேலை போயிற்று. எதிர் பெஞ்சுக்குப் பின்னால் நின்ற ஸ்காட்டி போமன், பயிற்சியாளராக மொத்தம் ஒன்பது ஸ்டான்லி கோப்பை வென்றவர். என்ஹெச்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை.

இன்னும் பெரிய கண்ணி இரண்டாம் பீரியட். பக்கம் மாறுவதால் தங்கள் கோல் முனை பெஞ்சிலிருந்து தூரமாகிவிடும். வட்டு அங்கேயே சுற்றினால் டிஃபென்ஸ்காரர்கள் மாற முடியாமல் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்று மாட்டிக்கொள்வார்கள். மூச்சு முட்டி வட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எதிர் முனைக்கு அடித்தால் 'ஐசிங்' என்ற தவறு. ஐசிங் செய்த அணி ஆள் மாற்றக்கூடாது, 2017-லிருந்து டைம்-அவுட்டும் கேட்க முடியாது. அதே தளர்ந்த ஐந்து பேர், எதிரில் புத்தம்புது கால்கள். ஆகவே வட்டு எதிராளியின் மூலைக்குப் போன பிறகே மாறு என்று மண்டையில் ஏற்றியிருக்க வேண்டும். ஆட்டம் நின்றபின் கடைசியாக ஆளை மாற்றும் உரிமை உள்ளூர் அணிக்கு. எதிரணி நட்சத்திரத்தின் மேல் யாரை ஏவுவது என்ற சதுரங்கம் அங்கே நடக்கும்.

இதற்கும் ஆடிய காலத்துப் புகழுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. வெய்ன் கிரெட்ஸ்கி 894 கோல் அடித்த மேதை. அதற்குமுன் பயிற்சியாளராக ஒரு நாள்கூட வேலை பார்க்காமல் 2005-ல் நேரே ஃபீனிக்ஸ் அணியின் தலைமைக்கு வந்தார். நாலு சீசனில் 143 வெற்றி. பிளேஆஃப் வாசலைக்கூட மிதிக்கவில்லை. தன் கண்ணுக்குத் தெரிவது மற்றவனுக்கு ஏன் தெரியவில்லை என்று மேதைக்குப் புரிவதில்லை. அதே 2005-ல் நம் கிரிக்கெட்டுக்கும் ஒரு ஜாம்பவான் வந்தாரே, கிரெக் சாப்பல்! 2007 உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு பெட்டி கட்டினோம். சாப்பல் பக்தர்கள் திட்டிக் கடிதம் போடுவார்கள். போடட்டும், தபால்துறை பிழைக்கும்.

கிரெய்க் பெரூபியைப் பாருங்கள். 1,054 ஆட்டத்தில் 61 கோல், 3,149 தண்டனை நிமிடம். அடிதடிதான் உத்தியோகம். ஒரு ஆட்டம் அறுபது நிமிடம்; அறுபதால் வகுத்தால் 52 முழு ஆட்டத்துக்கு மேல் வருகிறது. 'உடை மாற்றும் அறைக்கே போ' என்று விரட்டப்பட்டதைக் கழித்தாலும் மிச்சமெல்லாம் தண்டனைக் கூண்டில்தான். கூண்டு எங்கே இருக்கிறது தெரியுமா? இரண்டு பெஞ்சுகளுக்கும் நேர் எதிரே! இரு பயிற்சியாளர்களும் எப்போது ஆள் மாற்றுகிறார்கள், எப்போது சொதப்புகிறார்கள் என்று இத்தனை மணி நேரம் காசு வாங்கிக்கொண்டு பார்த்தவர் உலகத்தில் வெகு சிலரே இருப்பார்கள். நீங்கள் சொன்ன அந்தச் 'சும்மா'வில் முனைவர் பட்டமே கொடுக்கலாம்.

பிறகு சின்ன லீகில் பல வருடம் பயிற்சி கொடுத்துத் தேறினார். 2018 நவம்பரில் செயின்ட் லூயிஸ் அவரைத் தற்காலிகமாக நியமித்தது. 2019 ஜனவரித் தொடக்கத்தில் லீகின் 31 அணிகளில் அதுதான் கடைசி. ஜூனில் பாஸ்டனிலேயே பாஸ்டனை 4-1 என்று வென்று, 1967-ல் தொடங்கிய அணிக்கு முதல் கோப்பை.

விதிவிலக்கு உண்டு. டோ பிளேக் சிறந்த ஆட்டக்காரர். மான்ட்ரியாலுக்கு எட்டுக் கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளரும் அவரே. ஆனால் அவரும் கீழ் லீகுகளில் சில வருடம் கழித்த பிறகே 1955-ல் அந்த நாற்காலிக்கு வந்தார்.

சம்பளத்தைப் பற்றி அல்லவா கேட்டீர்கள்? தோற்றால் இருபது பேரை நீக்க முடியாது, ஒருவரை நீக்கலாம். அந்த ஒருவருக்கான விலை அது. கோப்பை தந்த பெரூபியை அதே செயின்ட் லூயிஸ் 2023 டிசம்பரில் வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த மே மாதமே டொரோன்டோ கூப்பிட்டுக்கொண்டது.